இடுப்புக்கு எத்தனை பவுன்

எனக்குச் சோறு போடுவது ஒரே ஒரு கேள்வி. "இதுக்கு எத்தனை பவன் வேண்டி வரும்?"

நெய்யாற்றின்கரையில் ஒரு நகைப் பட்டறையில் ஆர்டர் எடுக்கும் மேசை என்னுடையது. வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். நான் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கைச் சொறிந்து ஒரு எண்ணைச் சொல்வேன். மூக்குக்கும் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சொறியாமல் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை, பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கணக்கு எளிதுதான். நீளம், அகலம், தகட்டின் கனம் மூன்றையும் பெருக்கிப் பொன்னின் அடர்த்தியால் இன்னொரு தடவை பெருக்கினால் எடை வந்துவிடும். நெளிவு சுளிவு உள்ள உருப்படியானால் பித்தளையில் ஒரு மாதிரி அடித்து, அதை நிறுத்து, இரண்டால் பெருக்கி மேலே கொஞ்சம் போடுவேன். மெழுகில் மாதிரி செய்தால் பதினெட்டுக்கு மேலே பெருக்க வேண்டும். அராவும்போது உதிர்வது, பற்றவைக்கும்போது போவது என்று கடைசியில் ஒரு சிட்டிகை சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் என் படிப்பு. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்தே எடை சொல்லும் அளவுக்கு வந்திருந்தேன். கல்யாண வீடுகளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் பெண்களிடையே போட்டி நடக்கும். அழகனுக்குக்கூட இப்படி ஒரு மவுசு கிடையாது. நான் அழகனும் அல்ல. இடுப்பு நாற்பத்து நான்கு அங்குலம். எனக்கு ஒரு ஒட்டியாணம் செய்வதென்றால் பக்கத்து ஊரான கொல்லயில் பஞ்சாயத்தையே கிரயம் செய்ய வேண்டி வரும்.

இந்த வயிற்றை வளர்த்ததில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. என் அக்காவின் மகள், எனக்கு மருமகள் முறை. காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வர, நான் பட்டறை முடிந்து வர, பாறசாலையில் ஒரு சாயாக்கடையில் இருவரும் உட்காருவோம். ஏத்தங்காய் அப்பம் (நேந்திரம்பழ பஜ்ஜிதான்), கடலைக் கறி, பரோட்டா, அதற்குமேல் இன்னொரு ஏத்தங்காய் அப்பம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் சேர்ப்பார். அவள் தின்பதை நான் கேலி செய்வேன், நான் தின்பதை அவள் கேலி செய்வாள், இரண்டு பேரும் நிறுத்தமாட்டோம். தடித்த பெண்தான். அதை அவளே முதலில் சொல்லிவிடுவாள், பிறர் சொல்ல மிச்சம் வைக்கமாட்டாள்.

அவளைப் பெண் பார்க்க வெள்ளறடைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டர் வந்தார்கள். பையனுக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலை. அவன் நாணம் மிகுந்தவன், தரையைப் பார்த்துக்கொண்டே மூன்று முந்திரிக்கொத்து தின்றான். அவள் நான்காவதை எடுத்துக் கடித்தபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். அந்த வீட்டில் பேசும் அதிகாரம் பையனுக்கோ பெற்றவர்களுக்கோ இல்லை. பையனுடைய அப்பாவின் அக்கா ஒருத்தி இருந்தாள். அவர்கள் அப்பச்சி என்று கூப்பிட்டார்கள். அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். கூடத்திலிருந்த பெரிய நாற்காலியில் அவள் தானாகவே போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் படித்த கூட்டர் யாரும் பவுன் கேட்கமாட்டார்கள். கேட்டால் கேஸ் ஆகும், அதைவிடக் கேவலமும் ஆகும். "உங்க பிள்ளைக்கு நீங்க போடுததைப் போடுங்க, நாங்க ஒண்ணும் கேக்கல்ல" என்பார்கள். பிறகு சும்மா பேச்சுவாக்கில் உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். கழுத்து மூடினால் நல்லது. கை முட்டுவரை சும்மா கிடந்தால் போட்டோவில் நன்றாக வராது. இப்படிப் பெண்ணின் உடம்பை ஒவ்வொரு இடமாக மூடிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு எடை வந்துவிடும். அந்த எடையை யாரும் வாயால் சொன்னதாக இருக்காது.

கழுத்தும் கையும் முன்பே மூடியாகிவிட்டது. என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். அப்பச்சி எழுந்து கிளம்பும்போது, வாசலில் நின்று செருப்பைக் காலால் தேடிக்கொண்டே சொன்னாள்: "இடுப்பு மட்டும் வெறுதே கெடக்காண்டாம், இல்லியா?"

அத்தான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். "எங்களால முடிஞ்சது செய்யுதோம்" என்று சொல்லியிருக்கலாம். பத்துப் பவுன் என்று ஒரு எண்ணைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்போம். அப்பச்சிதான் கேவலப்பட்டிருப்பாள். ஆனால் அவர் எல்லைக்கல் நடும் குரலில், "முழு ஒட்டியாணம் ஆக்கும் எங்க பிள்ளைக்கு" என்றார். எடையைச் சொல்லவில்லை, இடத்தைச் சொல்லிவிட்டார். வாழ்க்கை முழுவதும் நிலம் அளந்த மனிதருக்கு, சுற்றளவு தெரியாமல் வேலி போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த நேரம் பார்த்து மறந்து போயிற்று.

அடுத்த நாள் அப்பச்சி போனில் ஒரு படம் அனுப்பினாள். மூன்று சென்டிமீட்டர் அகலம், சுற்றிலும் ஒரே அகலம், பூவேலை. பின்னால் சங்கிலியோ கயிறோ கட்டும் பரிபாடி வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் டேப்போடு போனேன். முப்பத்தாறு அங்குலம். அந்த அகலத்துக்கு, தகடு வளையாமல் நிற்கிற கனத்துக்கு, ஒரு அங்குலத்துக்கு அரைப் பவுன் வரும். பதினெட்டுப் பவுன். அக்கா தன் கல்யாண நகைகளைத் துணிமூட்டையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். காசுமாலை, குழல்மாலை, யானைக்கால் மாதிரி இரண்டு வளையல். நிறுத்தேன். பதினெட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. நான் மூக்கைச் சொறியக்கூட இல்லை. "கணக்கு நேரே இருக்கு அத்தான்" என்றேன். அத்தான் என்னைப் பார்த்து முதல்முதலாக மரியாதையாகச் சிரித்தார். அக்கா எனக்கு ஒரு தட்டு மரச்சீனி அவியலும் காந்தாரிச் சம்மந்தியும் கொண்டு வைத்தாள். மருமகள் என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

உருக்குவதற்கு அத்தான் தன்னுடைய பழைய ஆபீஸ் பையோடு பட்டறைக்கு வந்தார். யாரையும் நம்பமாட்டார். பொன் உருக்கும் மூசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உருக்குகிறவர் வளையலைக் கையில் எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெட்டிப் பார்க்கட்டுமா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் நானே வெட்டச் சொல்லியிருப்பேன். இது என் அப்பா தன் மகளுக்குச் செய்து போட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

தீ பட்டதும் வளையலிலிருந்து புகை வந்தது. கறுப்பாக, கோயில் கமுகுமரத்தில் இடி விழுந்தால் வருமே, அதுபோல ஒரு நாற்றத்தோடு.

"என்னலே புகை?" என்றார் அத்தான்.

"அரக்கு" என்றேன்.

"யாருக்க அரக்கு?"

எடை கூட்டுவதற்காக உள்ளே அடைத்தது. வளையலுக்குள் அரக்கு, குழல்மாலையின் ஒவ்வொரு குழலுக்குள்ளும் அரக்கு. என் அப்பா முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த அத்தானின் வீட்டுக்குத் தன் மகளை அரக்கு வைத்து அலங்கரித்து அனுப்பியிருக்கிறார். மிச்சம் பதினைந்து பவுன். அத்தான் நாற்காலியிலிருந்து எழவில்லை. முப்பது வருடமாக மாமனார் வீட்டுச் சீரைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்த மனிதர். அந்த வளையல்களை அடகு வைக்காமல் காத்ததற்காகவே தன்னைத் தானே மெச்சிக்கொண்டவர். அவருக்கு அப்போது இருந்த கோபத்தில் என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இன்னொரு தடவை இறந்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கட்டியை மேசையில் வைத்தார். அது ஒரு சோப்பைவிடச் சின்னதாக இருந்தது. பிறகு என்னிடம் கேட்டார்: "பதினஞ்சுக்கு எத்தனை இஞ்சு வரும்?"

"முப்பது."

"அப்போ ஆறு இஞ்சு கூடுதல் இருக்கு."

பொன் குறைகிறது என்று சொல்லவில்லை. இடுப்பு கூடுதல் என்றார். அந்த இடத்திலேயே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதெல்லாம் தொழில்தான். தகட்டை மெலிதாக்கலாம், ஆனால் பிஸ்கட் கவர் மாதிரி கசங்கும். பின்பக்கம் அகலத்தைக் குறைக்கலாம், ஆனால் அப்பச்சி அனுப்பிய படத்தில் சுற்றிலும் ஒரே அகலம். மூன்று பவுன் வாங்கலாம். இதைச் சொன்னபோது அத்தான் என் முகத்தைப் பார்த்த பார்வையில் அன்றைய தங்க விலை முழுதும் இருந்தது. காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை என்று ஏறிக்கொண்டிருந்த காலம். கழுத்துக்கும் கைக்கும் வாங்கியதிலேயே அந்த வீட்டில் விற்க மிச்சமிருந்தது வீடு மட்டும்.

அக்கா மெதுவாக, அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்றாள்.

"என்னன்னு சொல்லணும்? உனக்க அப்பன் வச்ச அரக்குன்னா?" என்றார் அத்தான். பிறகு மகளைப் பார்த்தார். "உங்க தாத்தா செஞ்ச களவு. உனக்க வயிறு தான் மக்கா அதைச் சரிக்கட்டணும்."

மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தான் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அந்த மனிதர் வாழ்க்கையில் ஒரு வேடிக்கை சொன்னதில்லை என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அத்தான் கேட்டபடி பித்தளையில் ஒரு மாதிரி செய்துகொடுத்தேன். அதே அகலம், முப்பது அங்குலம், முன்னால் கொக்கி. வேலைக்கு முன்னால் மாதிரி அடிப்பது எங்கள் வழக்கம், அதில் தப்பில்லை. அதை அவர் சாப்பாட்டு மேசைக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார். அவள் சாப்பிட உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும். காலையில் எழுந்து பல் தேய்த்ததும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று அத்தான் தன் விரலை வைத்துப் பார்ப்பார்.

காலையில் கஞ்சித்தண்ணீர். மத்தியானம் வேகவைத்த காணம், கொள்ளுதான், ஒரு கைப்பிடி. ராத்திரி வெள்ளரிக்காய். சனிக்கிழமை சாயாக்கடை நின்றுபோயிற்று. நான் மட்டும் தனியாகப் போய் இரண்டு பேருடைய பங்கையும் தின்றேன். அதை அவளுக்காகச் செய்த தியாகம் என்றுகூட என்னால் சொல்ல முடியும், ஆனால் எண்ணெய் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்போடு என்னை வரச் சொன்னார் அத்தான். ஆஸ்பத்திரிக்காரி பொய் அளவு சொல்லிவிடுவாளாம். முதல் வாரம் ஒரு அங்குலம் குறைந்திருந்தது. "அரைப் பவன்" என்றார் அத்தான், நோட்டை எண்ணியவர் மாதிரி முகம் மலர்ந்து. இரண்டாவது வாரம் இன்னும் அரை அங்குலம். அவருக்குக் கணக்கு ருசிக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் அக்கா மறைத்து வைத்த ஏத்தங்காய் அப்பம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைக் கையில் தூக்கிப் பிடித்து என்னிடம் கேட்டார்:

"எலே, இந்த ஒரு அப்பம் எத்தனை மில்லி பொன்னு வரும்?"

பட்டறையில் மில்லி என்றால் மில்லிகிராம். நான் வழக்கம்போல மூக்கைச் சொறிந்தேன். "எண்ணெய் வடிச்சா இருநூறு மில்லி, வடிக்காட்டி முன்னூறு" என்றேன். அக்காகூடச் சிரித்துவிட்டாள். மருமகளும் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் அதை ஒரு வாய்ப்பாடாகவே வைத்துக்கொண்டார். பூரி என்றால் இத்தனை, சீனி போட்ட சாயா என்றால் இத்தனை. அவள் கை ஏதாவது ஒரு பாத்திரத்துக்கு நீண்டால் அடுக்களைக்குள்ளிருந்து எடையைச் சொல்வார். அக்கா குறுக்கே பேசினால் "அரக்கு" என்று ஒரு வார்த்தை சொல்வார். அக்கா வாயை மூடிக்கொள்வாள்.

பெண் முதலில் எல்லாவற்றையும் கேலிதான் செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று பித்தளையைத் தலையில் கிரீடம்போல வைத்துக் காட்டுவாள். முப்பத்துமூன்று ஆனபோது கேலி குறைந்தது. முப்பத்திரண்டு ஆனபோது அளவெடுக்கும் நேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை வெளுத்திருந்தது. லேபில் தன் ரத்தத்தைத் தானே பார்த்தாளாம். அப்பா கேட்காமலிருக்க என் காதோடு சொன்னாள்:

"மாமா, எனக்க ரெத்தத்தில இரும்பு கொறஞ்சு போச்சு. அதையும் அப்பா பொன்னாக்கிட்டாரு."

நல்ல நகைச்சுவை. என் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து, யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். பஸ்ஸில் பாதி வழியில்தான் அது நகைச்சுவை இல்லை என்று உறைத்தது. மெதுவாகத்தான் எனக்கு உறைக்கும், பெரிய உடம்பு. அடுத்த வாரம் அத்தானிடம், நான் பட்டறையில் சொல்லி ஒரு பவுனுக்கு ஏதாவது வழி பார்க்கிறேன், ரத்தம் குறைகிறது, போதும் என்றேன். "நீ உனக்க வயித்தைப் பாரு" என்றார். பார்த்தேன். அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகத் தோன்றியதால் பேசாமலிருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முப்பத்தொன்று. அதற்குமேல் தாமதித்தால் வேலை முடியாது. முப்பது அங்குலத்துக்குத் தகடு வெட்டினோம். ஒரு அங்குலம் மூச்சைப் பிடித்தால் சமாளித்துவிடலாம் என்பது அத்தானின் தீர்மானம். சொல்லக் கூடாது, ஆனால் உருப்படி அழகாக வந்தது. பதினைந்து பவுனில் சிட்டிகை அளவுகூட மிச்சமில்லை, குறைவுமில்லை. என் கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனி அளவெடுக்க வேண்டாம் என்று அத்தான் டேப்புக்கு விடுமுறை கொடுத்தார். இனிமேல் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக ஒரு தோசைக்கு அனுமதியும் கொடுத்தார். அவள் சாப்பிட்டாளா என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அதுவரை அவள் சாப்பிடாமலிருக்கிறாளா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் காலையில் மணப்பெண் அறையிலிருந்து அக்கா என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். உள்ளே போனேன். பட்டுச்சேலை கட்டி, கழுத்து மூடி, கை மூடி, மருமகள் நின்றாள். ஒட்டியாணம் இடுப்பில் இல்லை. கொக்கி மாட்டித்தான் இருந்தது. ஆனால் அது வழுக்கி இறங்கி, கழற்றிப் போட்ட வளையம்போல இடுப்பெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை நுழைந்தது. என் கை என்றால் சின்னக் கை அல்ல. அந்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று அங்குலத்துக்குமேல் போயிருந்தது.

"நீ ஒண்ணும் தின்னல்லியா மக்கா?" என்றேன்.

"தின்னா எறங்கல்ல மாமா" என்றாள். மன்னிப்புக் கேட்பதுபோல.

அத்தான் உள்ளே வந்து பார்த்தார். அந்த முகத்தை மறக்கமாட்டேன். மகளுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றும் முன்னால், ஒரு பவுன் மிச்சம் பிடித்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. உதடு அசைந்தது. கணக்குத்தான்.

வெட்டிச் சுருக்க நேரமில்லை. பின்பக்கம் சேலைக்குள் தகட்டை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, பூவேலையின் ஓட்டை வழியாக ஒரு பெரிய ஊக்கைக் குத்தி இறுக்கினேன். பதினைந்து பவுன் உருப்படியைத் தாங்கிக்கொண்டு ஒரு ஊக்கு. முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டோம்.

தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. போட்டோ எடுக்கும்போது அப்பச்சி மேடைக்கு வந்தாள். எங்கள் பக்கம் இதை எல்லோரும் அறிவார்கள்: பையன் வீட்டில் ஒரு பெண் வந்து, மணப்பெண்ணின் சேலையைச் சரிசெய்வதுபோல இடுப்பைச் சுற்றிக் கையை விட்டுப் பார்ப்பாள். பின்னால் கயிறு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்பச்சியின் கை இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு மெதுவாகப் பின்னால் போயிற்று. நான் மேடைக்குக் கீழே நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சட்டென்று கையை இழுத்தாள். நடுவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அவளுக்கு இரும்புச் சத்து நன்றாக இருந்தது.

விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, முந்தானையைத் தூக்கி, மடிந்து கிடந்த தகட்டைப் பார்த்தாள். பொன் குறைவு என்றால் அவளுக்குப் பேச வார்த்தை இருந்திருக்கும். பொன் கூடிப்போய்க் கிடந்தது. ஆள்தான் குறைந்திருந்தாள். அப்பச்சி பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள், கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நாங்க வந்து கண்ட குட்டி அல்லல்லோ" என்றாள், அத்தானிடம். "இவளுக்கு வல்ல சுகக்கேடும் உண்டா? ஒளிச்சு வச்சு கெட்டிச்சுத் தந்திட்டியளா?"

அத்தான் பதறிப் போனார். சுகக்கேடு ஒன்றும் இல்லை, கல்யாணம் என்று கொஞ்சம் உடம்பைக் குறைத்தாள், அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரியா என்று ஏதேதோ சொன்னார்.

"கொறைக்கச் சொன்னது ஆரு?" என்றாள் அப்பச்சி. "பையன் சம்மதிச்சதே அந்தத் தடிச்ச உடம்பைக் கண்டிட்டு ஆக்கும். வீட்டுக்கு ஒரு ஐசுவரியம் வேணும்னு சொன்னான்."

பையன் பக்கத்தில்தான் நின்றான். காது சிவந்து தரையைப் பார்த்தான். ஐசுவரியத்தைப் பற்றி அப்பச்சியிடம் சொன்னவன் அவளிடமும் ஒரு தடவை போனில் சொல்லியிருந்தால் மூன்று மாதம் காணம் மிச்சமாகியிருக்கும்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். மணமக்கள் இலைக்கு எதிரே அப்பச்சி கையைக் கட்டி நின்றாள், நோயாளி தின்கிறாளா என்று பார்க்க. பரிமாறினார்கள். பருப்பு, நெய், பப்படம், அவியல், சாம்பார், அடைப்பிரதமன். மருமகள் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பையன் இலை பாதி காலியாகிவிட்டது. அப்பச்சியின் புருவம் ஏறியது.

அத்தான் ஓடி வந்தார். மூன்று மாதம் அடுக்களையிலிருந்து எடை சொன்ன அதே மனிதர், மகளுடைய இலைக்குப் பக்கத்தில் குனிந்து, பிரதமனைத் தன் கையாலேயே எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினார். அது முழங்கைவரை வழிந்தது.

"தின்னு மக்கா. அவிய பாக்காவ. ஒரு வாய் தின்னு."

அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு, கேட்கிறவர்களுக்கு ஏதோ சந்தேகம் கேட்பதுபோலத் தோன்றும் குரலில் கேட்டாள்:

"இது எத்தனை மில்லி வரும் அப்பா?"

அத்தான் கையைப் பின்னுக்கு எடுக்கவும் இல்லை, முன்னுக்கு நீட்டவும் இல்லை. பிரதமன் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டாவது தடவை பாயசம் விட வந்தார்கள். வேண்டாமென்று கையைக் காட்டினேன். பரிமாறியவர் என்னைத் தெரிந்தவர், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆனதும் அப்பச்சி அக்காவுக்குப் போன் செய்தாள். மருமகள் நல்லவள், வேலைக்கெல்லாம் ஒழுங்காகப் போய் வருகிறாள், குறை ஒன்றும் இல்லை. ஆனால் தின்பதில்லை. வருகிறவர்கள் எல்லாம் இவர்கள் வீட்டில் பட்டினி போடுவதாக நினைக்கிறார்கள், மானக்கேடு. "கொறச்சு நாள் அங்க நிக்கட்டு. பழைய அளவுக்கு வந்திட்டு கொண்டு விட்டா மதி" என்றாள். ஒட்டியாணத்தை அனுப்பவில்லை. அது அப்பச்சியின் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம்.

அவள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். அத்தான் உடனே காரியத்தில் இறங்கினார். தோற்றுப்போன சர்வேயை மறுபடி நடத்துகிற உற்சாகம். காலையில் நெய்யில் வாட்டிய ஏத்தம்பழம், பதினொரு மணிக்கு உளுந்தங்கஞ்சி, சாயங்காலம் ஏதோ ஒரு லேகியம். பித்தளை மாதிரி மறுபடியும் ஆணியில் ஏறியது. இப்போது அதன் கொக்கி மாட்டக் கூடாது, மாட்டினால் குற்றம். அவள் தட்டில் மிச்சம் வைத்தால் அத்தான் அடுக்களையிலிருந்து எடை சொல்வார், அதே வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாட்டை எழுதியவன் நான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வரச் சொல்லி எனக்கும் ஆள் வந்தது.

போனேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் டேப்பை விரித்ததும் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். என்னைச் சுற்றி வந்து, டேப்பை என் வயிற்றின்மேல் இழுத்துப் பிடித்து, முன்னால் வந்து எண்ணைப் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலு" என்றாள். "மாமாவை உருக்கினா எத்தனை பவன் தேறும்?"

பழைய சனிக்கிழமைக் குரல் மாதிரி இருந்தது. எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கை நன்றாகவே சொறிந்தேன்.

"ஒண்ணும் தேறாது மக்கா. உள்ள முழுக்க அரக்கு ஆக்கும்."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் நான் சொன்ன எடையை ஒப்புக்கொள்ளும்போது தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினாள்.

உள்ளேயிருந்து அத்தான் குரல் வந்தது. "எத்தனைலே இருக்கு?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே பதில் சொன்னாள். "அளந்தாச்சு அப்பா. எல்லாம் அரக்கு."

டேப்பை விரலில் சுற்றிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.